மீன் எழுத்துகளை வாசித்தால் மூளை வளருமா?

ஜப்பானில் சுஷி உணவகங்களில் தேநீர் தரும் தடித்த பீங்கான் குவளைகளின் புறச்சுவர் முழுதும் எழுத்துகள் அச்சிடப்பட்டிருப்பதுண்டு. எல்லாம் கான்ஜி எழுத்துகள். ஒவ்வொன்றின் இடப்பக்கத்திலும் 'மீன்' என்னும் ஒரே உறுப்பு நிற்கும்; வலப்பக்கம் மட்டும் மாறிக்கொண்டே போகும். மீனோடு 'வலுவின்மை' சேர்ந்தால் இவாஷி, அதாவது மத்தி. மீனோடு 'உறைபனி' சேர்ந்தால் தாரா என்னும் காட் மீன். மீனோடு 'கடினம்' சேர்ந்தால் கத்சுவோ என்னும் சூரை. மீனோடு 'தட்டை' சேர்ந்தால் ஹிராமே என்னும் தட்டைமீன். உணவு வரும்வரை வாடிக்கையாளர் குவளையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். தெரிந்ததை வாய்விட்டுச் சொல்வார். தெரியாததை அருகில் இருப்பவரிடம் கேட்பார். நெடுங்காலமாக அது ஒரு சிறு பொழுதுபோக்கு மட்டுமே.

இன்று அதே எழுத்துகள் வேறொரு பெயரில் விற்பனைக்கு வருகின்றன. புதிர்ப் புத்தகங்களிலும் தொலைக்காட்சி வினாடி வினாக்களிலும் கைப்பேசிச் செயலிகளிலும் 'வாசிக்கக் கடினமான மீன் கான்ஜி' என்பது நிலையான ஒரு பிரிவு. அதன் தலைப்பிலோ அடிக்குறிப்பிலோ 'மூளைப் பயிற்சி' என்ற சொல் இருக்கும். இத்தனை மீன்பெயர்களை வாசித்துவிட்டால் மூளை இளமையாக இருக்கிறது. வாசிக்க முடியாவிட்டால் பயிற்சி தேவை. மறதிநோய் அண்டாமலிருக்க நாளுக்குப் பத்து எழுத்து போதும் என்பது சொல்லாமல் சொல்லப்படும் வாக்குறுதி.

இந்த வாக்குறுதிக்குப் போதிய சான்று இல்லை. ஆனால் அதைச் சொல்லிவிட்டு விலகிச் செல்வதும் சரியாகாது. மீன் எழுத்துகளை வாசிப்பது பயனுள்ள செயல்தான். அந்தப் பயன் விளம்பரம் காட்டும் இடத்தில் இல்லை. மருந்தாக விற்கப்படும்போது அந்த எழுத்துகள் உண்மையில் வைத்திருக்கும் பொருள் கவனத்திலிருந்து நழுவுகிறது. மொழியியல் பயிலும் எவருக்கும் இது அயல்நாட்டுச் செய்தி மட்டும் அன்று. இந்தியாவில் மொழிகளுக்காக வாதாடும் முறையோடும் இதற்குத் தொடர்பு உண்டு.

முதலில், இந்த எழுத்துகள் ஏன் கடினமானவை என்பதைப் பார்க்க வேண்டும். காரணம் எழுத்தின் வடிவத்தில் மட்டும் இல்லை. 1946-இல் ஜப்பானிய அரசு பொதுப் பயன்பாட்டுக்கான 1850 கான்ஜி எழுத்துகளின் பட்டியலை வெளியிட்டது. விலங்குகள், தாவரங்கள் ஆகியவற்றின் பெயர்களைக் கானா என்னும் ஒலியெழுத்தில் எழுத வேண்டும் என்று அதன் விதிக்குறிப்பு கூறியது. 2010-இல் திருத்தப்பட்ட இன்றைய பட்டியலில் 2136 எழுத்துகள் உள்ளன. அவற்றுள் மீன் உறுப்பின்கீழ் வகைப்படுத்தப்படுபவை மூன்றே: 'மீன்', 'புத்தம்புதிய', 'திமிங்கிலம்'. மத்தியும் சூரையும் விலாங்கும் பள்ளிப் பட்டியலில் இல்லை. உயிரியல் நூல்களில் மீன்பெயர்கள் கத்தகானாவிலேயே அச்சாகின்றன.

ஆக, மீன் கான்ஜியின் கடினம் பெரிதும் ஒரு மொழிக் கொள்கையின் விளைவு. பள்ளியைவிட்டு வெளியேற்றப்பட்ட எழுத்துகள் உணவகக் குவளையிலும் கடைப்பலகையிலும் திறனறி தேர்வுகளிலும் தங்கிவிட்டன. ஏறத்தாழ 6000 எழுத்துகளை உள்ளடக்கும் கான்ஜித் திறன் தேர்வின் முதல் நிலைக்கு ஆயத்தம் செய்வோர் அவற்றைப் பட்டியலிட்டு மனப்பாடம் செய்கிறார்கள். எனவே ஒருவருக்கு இந்த எழுத்துகள் தெரியவில்லை என்றால் அவர் கற்பிக்கப்படவில்லை என்றுதான் பொருள்; மூளை தளர்ந்துவிட்டது என்று பொருள் அன்று. 'மூளை வயது' அளக்கும் கருவியாக இவற்றைப் பயன்படுத்துவதன் முதல் பிழை இங்கேயே தொடங்குகிறது.

மூளைப் பயிற்சி என்னும் அலை எழுந்த விதமும் கருதத்தக்கது. தோஹோக்கு பல்கலைக்கழகத்தின் நரம்பியல் ஆய்வாளர் ரியூதா கவாஷிமா 2003-இல் வெளியிட்ட பயிற்சி நூல் பெரும் வரவேற்பைப் பெற்றது. எளிய கணக்குகளைச் செய்வதும் உரக்க வாசிப்பதும் அதன் அடிப்படை. 2005-இல் நின்டெண்டோ நிறுவனம் அதை விளையாட்டாக வெளியிட்டபோது 'மூளை வயது' என்ற சொல் வீடுதோறும் புகுந்தது. மூளை என்பதற்கான 'நோ' என்ற சொல்லையும் டிரெய்னிங் என்ற ஆங்கிலச் சொல்லின் தொடக்கத்தையும் சேர்த்து 'நோதோரே' என்ற புதுச்சொல் வழக்கில் நிலைத்தது. மக்கள்தொகையில் ஏறத்தாழ 29 விழுக்காட்டினர் 65 வயதைக் கடந்த ஒரு நாட்டில், மறதிநோய் குறித்த அச்சம் எவ்வளவு பெரியது என்பதை விளக்கத் தேவையில்லை. அந்த அச்சத்தின் நிழலில் சுடோக்கு, குறுக்கெழுத்து, நிறம் தீட்டும் புத்தகம் ஆகியவற்றோடு மீன் கான்ஜியும் மருந்துப் பெட்டிக்குள் வைக்கப்பட்டது.

இனி, சான்றுகள் சொல்வதைப் பார்க்கலாம். கல்வி உளவியல் நூல்கள் 'பயிற்சி மாற்றம்' என்று குறிப்பிடும் சிக்கல் இது. ஒரு செயலில் பெற்ற பயிற்சி, பயிற்சி பெறாத மற்றொரு செயலுக்கு எந்த அளவு உதவும்? பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலத்தீன் மொழிக்கு இத்தகைய புகழ் இருந்தது. இலத்தீன் இலக்கணம் கற்றால் மனம் ஒழுங்கு பெறும், அந்த ஒழுங்கு எல்லாத் துறைகளிலும் கைகொடுக்கும் என்று கல்வியாளர்கள் நம்பினர். 1901-இல் எட்வர்ட் தார்ன்டைக்கும் ராபர்ட் வுட்வொர்த்தும் நடத்திய சோதனைகள் அந்த நம்பிக்கையை அசைத்தன. 1924-இல் தார்ன்டைக் ஆயிரக்கணக்கான மேல்நிலைப்பள்ளி மாணவர்களின் சிந்தனைத் திறனை ஓராண்டு இடைவெளியில் இருமுறை அளந்தார். இலத்தீன் படித்தவர்கள் மற்றவர்களைவிடக் குறிப்பிடத்தக்க கூடுதல் வளர்ச்சி எதையும் காட்டவில்லை.

நூற்றாண்டு கடந்தும் விடை பெரிதாக மாறவில்லை. 2010-இல் ஏட்ரியன் ஓவனும் உடன் ஆய்வாளர்களும் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வில் 11,430 பேர் ஆறு வாரங்கள் கணினிவழி மூளைப் பயிற்சியில் ஈடுபட்டனர். பயிற்சி செய்த பணிகள் எல்லாவற்றிலும் முன்னேறினர். அவற்றுக்கு நெருங்கிய, ஆனால் பயிற்சி பெறாத பணிகளில்கூட அந்த முன்னேற்றம் தென்படவில்லை. 2016-இல் டேனியல் சைமன்ஸ் தலைமையில் உளவியலாளர்கள் இத்துறை ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டு, அன்றாட வாழ்வின் அறிதிறன் மேம்படுகிறது என்பதற்குச் சான்று மிகக் குறைவு என்ற முடிவுக்கு வந்தனர். அதே ஆண்டு சனவரியில், மறதியைத் தள்ளிப்போடும் என்ற விளம்பரத்துக்கு அறிவியல் ஆதாரம் காட்டாத லூமோசிட்டி நிறுவனம் அமெரிக்க வணிக ஆணையத்துக்கு 20 இலட்சம் டாலர் செலுத்த உடன்பட்டது.

எதிர்த்தரப்பின் வலுவான சான்றுகளையும் சொல்லியாக வேண்டும். 65 வயதைக் கடந்த 2832 பேரிடம் அமெரிக்காவில் நடந்த ஆக்டிவ் என்னும் நீண்டகால ஆய்வில், ஏரணப் பயிற்சி பெற்றவர்களும் விரைவுப் பயிற்சி பெற்றவர்களும் பத்தாண்டுகளுக்குப் பின்னும் அந்தந்தத் திறனில் மேம்பட்டிருந்தனர். ஆனால் அங்கு தரப்பட்டது குறிப்பிட்ட வடிவில் அமைத்து, கண்காணித்து நடத்தப்பட்ட பயிற்சி. மீன்பெயர் வினாடி வினா அந்த ஆய்வின் சான்றிதழைக் கடன் வாங்கிக்கொள்ள முடியாது.

இந்தியாவிலிருந்து வந்த சான்று இன்னும் நெருக்கமானது. 2013-இல் சுவர்ணா அல்லாடி தலைமையிலான குழு, ஐதராபாத்தில் மறதிநோய் கண்ட 648 பேரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்தது. இருமொழியாளர்களுக்கு நோய் அறிகுறிகள் சராசரியாக நான்கரை ஆண்டுகள் தாமதமாகத் தோன்றியிருந்தன. எழுத்தறிவு இல்லாதவர்களிடமும் இந்த வேறுபாடு காணப்பட்டது. இந்த முடிவை மூளைப் பயிற்சி வணிகர்கள் விரும்பி மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் அந்த முதியவர்கள் யாரும் பயிற்சிப் புத்தகம் வாங்கியவர்கள் அல்லர். வீட்டில் ஒன்றும் சந்தையில் மற்றொன்றுமாக மொழிகளில் வாழ்ந்தவர்கள். அங்கே பயன் உண்டென்றால், அது வாழ்நாள் முழுதும் நீடித்த பேச்சின் பயன். பத்து நிமிடப் புதிருக்கு அதை மாற்றி எழுதுவது கணக்குப் பிழை.

அப்படியானால் மீன் எழுத்தை வாசிக்க முயலும்போது என்னதான் நிகழ்கிறது? ஒரு பெயரை நினைவிலிருந்து வருந்தி மீட்கும் செயல் அந்தப் பெயரின் நினைவை வலுப்படுத்துகிறது. மீண்டும் மீண்டும் படிப்பதைவிட, தன்னைத்தானே சோதித்துக்கொள்வது நெடுநாள் நினைவுக்கு உதவுகிறது என்பதை 2006-இல் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் தெளிவாகக் காட்டினர். சுருக்கமாகச் சொன்னால், மத்தியின் எழுத்தைப் பயின்றவர் மத்தியின் எழுத்தை அறிவார். விளம்பரதாரருக்கு இது மிகச் சிறிய பயனாகத் தோன்றும். மொழியறிஞருக்கு அப்படித் தோன்ற வேண்டியதில்லை.

'கான்ஜி படவெழுத்து, ஆகவே அது வலது மூளையைத் தூண்டும்' என்ற கூற்றும் இப்புத்தகங்களோடு சேர்ந்தே வருவது. மூளைக் காயத்தால் பேச்சிழந்த ஜப்பானிய நோயாளிகளிடம் சுமிகோ சசனுமா முதலானோர் 1970-களில் நடத்திய ஆய்வுகள், சிலருக்குக் கானா மிகுதியாகவும் சிலருக்குக் கான்ஜி மிகுதியாகவும் பாதிக்கப்படுவதைக் காட்டின. இரண்டும் முற்றிலும் ஒரே வழியில் செல்வதில்லை என்பது உண்மை. ஆனால் கான்ஜி வாசிப்பும் பெரிதும் இடப்புற மூளையின் பின்பகுதியையே சார்ந்திருக்கிறது என்பதைப் பிற்காலப் படப்பதிவு ஆய்வுகள் உறுதிசெய்தன. கான்ஜித் திறன் என்பதும் ஒற்றைத் திறன் அன்று. 2020-இல் கியோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதை வாசித்தல், எழுதுதல், பொருளுணர்தல் என மூன்று பரிமாணங்களாகப் பிரித்துக் காட்டினர். வாசிப்புப் புதிர் இவற்றுள் ஒன்றை மட்டுமே தொடுகிறது.

இனி எழுத்துகளின் உள்ளே செல்லலாம். குவளையில் ஒரே வரிசையில் நிற்கும் இந்த எழுத்துகள் ஒரே காலத்தவை அல்ல. ஒரே வழியில் பிறந்தவையும் அல்ல. குறைந்தது மூன்று அடுக்குகளை அவற்றில் பிரித்தறியலாம்.

முதல் அடுக்கு, சீனத்திலிருந்து வந்தவை. இவற்றுள் பெரும்பாலானவை ஒலியும் பொருளும் இணைந்த எழுத்துகள்: மீன் உறுப்பு பொருளின் வகையைக் காட்டும், வலப்பக்கம் சீன ஒலியைக் காட்டும். திமிங்கிலத்தின் வலப்பக்கத்தில் 'தலைநகர்' என்னும் எழுத்து இருப்பது, அது கடலின் தலைநகர் என்பதால் அன்று; ஒலி ஒத்திருந்ததால். கெண்டை இனத்தைச் சேர்ந்த கோய் மீனின் எழுத்தில் 'ரி' என்னும் தொலைவு அளவு இருக்கிறது. ஒரு ரி என்பது 36 சோ. கோய் மீனின் பக்கவரிசையில் 36 செதில்கள். ஆகவே அந்த எழுத்து என்று புதிர்ப் புத்தகங்கள் இனிமையாக விளக்கும். செதில்களின் கணக்கு பழைய மரபுதான். ஆனால் எழுத்துக்குக் காரணம் செதில் அன்று, ஒலி. சீன எழுத்து முறையைக் கருத்தெழுத்தாகக் காணும் மயக்கத்தை ஜான் டிஃபிரான்சிஸ் 1984-இல் விரிவாக மறுத்தார். மூளைப் பயிற்சிப் புத்தகங்கள் அந்த மயக்கத்தைப் பக்கத்துக்குப் பக்கம் புதுப்பிக்கின்றன.

இரண்டாம் அடுக்கு, ஜப்பானியர் தாமே படைத்த 'நாட்டெழுத்துகள்'. சீன எழுத்து மரபு உருவான மஞ்சளாற்றுச் சமவெளி கடலிலிருந்து தொலைவில் இருந்தது. தீவுவாசிகளின் வலையில் விழுந்த மீன்களுக்கோ எழுத்து தேவைப்பட்டது. எனவே தாமே உறுப்புகளைச் சேர்த்து எழுத்துகளை உண்டாக்கினர். கரைக்கு வந்ததும் விரைவில் கெட்டுவிடுவதாலோ பிற மீன்களுக்கு இரையாவதாலோ மத்தி 'வலுவற்ற மீன்' ஆயிற்று. நாராவில் அகழ்ந்தெடுக்கப்பட்ட 8ஆம் நூற்றாண்டு மரச்சீட்டுகளிலேயே இந்த எழுத்து உள்ளது. பனிக்காலத்தில் பிடிபடும் காட் மீன் 'உறைபனி மீன்' ஆயிற்று. கிழங்கான் மீனை ஜப்பானியர் கிசு என்பர். அதன் எழுத்தில் 'மகிழ்ச்சி' இருக்கிறது. அதுவும் மகிழ்ச்சியான மீன் என்பதற்காக அன்று. 'மகிழ்ச்சி' எழுத்தின் ஒலி 'கி' என்பதால். ஆகவே வலப்பக்கத்தைக் கண்டதும் பொருள் சொல்லத் துணிவது எப்போதும் பிழைக்கு இடமளிக்கும். எந்த எழுத்து எந்த அடுக்கைச் சேர்ந்தது என்று அறிவதே உண்மையான வாசிப்பு.

மூன்றாம் அடுக்கு, பல எழுத்துகள் சேர்ந்து ஒரே பெயராக வாசிக்கப்படுபவை. பேத்தை மீன் 'ஆற்றுப் பன்றி'; ஓங்கில் 'கடற்பன்றி'; இறால் 'கடல் முதியவர்'. சன்மா என்னும் மீன் 'இலையுதிர்காலக் கத்தி மீன்' என்று எழுதப்படுகிறது. ஆனால் நத்சுமே சோசெக்கி 1905-இல் வெளியிடத் தொடங்கிய 'நான் ஒரு பூனை' என்னும் நாவலில் அதே மீன் ஒலியை மட்டும் கருதி 'மூன்று குதிரை' என்று எழுதப்பட்டுள்ளது. இன்றைய வினாடி வினாவின் ஒரே சரியான விடை, நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் ஒரே விடையாக இருக்கவில்லை.

இந்த அடுக்குகள் ஒன்றோடொன்று மோதும் இடம் கெளுத்தி மீன். கியோட்டோவின் மியோஷின்ஜி வளாகத்தைச் சேர்ந்த தைசோயின் கோயிலுக்கு உரிய ஓவியம் ஒன்று உண்டு. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஷோகன் அஷிகாகா யோஷிமோச்சி கேட்டுக்கொண்டபடி, துறவி ஓவியர் ஜோசெத்சு வரைந்தது. ஓடைக்கரையில் ஒருவன் சுரைக்குடுக்கையால் கெளுத்தி மீனைப் பிடிக்க முயல்கிறான். வழுக்கும் மீனை வழுக்கும் குடுக்கையால் எப்படிப் பிடிப்பது? அந்தக் கேள்விக்கு 31 துறவிகள் எழுதிய கவிதைகள் ஓவியத்தின் மேற்பகுதியில் உள்ளன. அந்த ஓவியத்தின் தலைப்பில் 'கெளுத்தி' என்ற பொருளில் வரும் எழுத்தை இன்றைய ஜப்பானியர் எவரும் முதல் பார்வையில் 'அயு' என்றே வாசிப்பர். அயு என்பது தெளிந்த ஆறுகளில் வாழும் மணமுள்ள சிறு மீன். கெளுத்தியோடு எந்த உறவும் இல்லாதது.

என்ன நடந்தது? சீனத்தில் அந்த எழுத்துக்குக் கெளுத்தி என்றே பொருள். ஜப்பானில் அதை அயு மீனுக்கு எடுத்துக்கொண்டனர். 'குறி கேட்டல்' என்னும் அதன் வலப்பக்க உறுப்பை, ஜிங்கூ அரசி மீன் பிடித்துப் போரின் விளைவைக் குறி பார்த்த தொன்மக் கதையோடு பிற்காலத்தார் இணைத்தனர். எழுத்தை இழந்த கெளுத்திக்கு, பழைய சீன ஒலியை நினைவூட்டும் வேறோர் உறுப்பைச் சேர்த்துப் புதிய எழுத்து ஒன்றை ஜப்பானியர் உருவாக்கினர். அந்தப் புதிய எழுத்து பின்னர் கடல் கடந்து சீனத்துக்கே சென்று அங்கும் கெளுத்தியைக் குறிக்கலாயிற்று. காட் மீனின் 'உறைபனி' எழுத்தும் அதே வழியில் சீனத்துக்குத் திரும்பியது. இன்று ஜப்பானில் சால்மனைக் குறிக்கும் எழுத்து பழஞ்சீனத்தில் பேத்தை மீனைக் குறித்தது. சூரை வகையின் மகுரோவைக் குறிக்கும் எழுத்து ஸ்டர்ஜன் மீனைக் குறித்தது. கஜிகா என்னும் ஓடை மீனின் 'இலையுதிர்கால' எழுத்து சீனத்தில் அயிரையைக் குறிப்பது. கடன்வாங்கல், பொருள்மாற்றம், மீள்கடன் என்று வரலாற்று மொழியியல் வகுப்பில் தனித்தனியே கற்பிக்கப்படும் கருத்துகள் எல்லாம் ஒரு தேநீர்க் குவளையின் புறச்சுவரில் அடங்கிக் கிடக்கின்றன.

சூரையின் எழுத்தில் 'கடினம்' வந்ததற்கு, அந்த மீனை அவித்து, புகையூட்டி, மரக்கட்டைபோல் இறுகும்வரை உலர்த்தும் வழக்கத்தையே காரணமாகச் சொல்வர். அதே சூரை இனத்தை அதே போல் அவித்து உலர்த்தி இறுக்கும் முறை மாலத்தீவிலும் மினிக்காயிலும் உண்டு. தூத்துக்குடியிலும் இலங்கையிலும் மாசிக் கருவாடு என்று அறியப்படுவது அதுவே. மாசியை உடைத்துச் சம்பல் செய்தவருக்கு 'மீன் + கடினம்' என்ற எழுத்துக்கு விளக்கவுரை தேவைப்படாது. எழுத்தின் கடினம் கைக்குத் தெரிந்த கடினமாகிவிடும். இதுதான் அறிவு இயங்கும் விதம்: ஒன்று மற்றொன்றைப் பற்றிக்கொள்கிறது.

இந்தப் பற்றுதலைத்தான் பயிற்சிப் புத்தகம் துண்டிக்கிறது. அங்கே எழுத்து ஒரு தடை. விடை ஒரு மதிப்பெண். வேகம் ஒரு தகுதி. விடையைச் சொன்ன கணத்தில் அடுத்த எழுத்துக்குத் தாவ வேண்டும். ஷிஷாமோ என்னும் மீனை எடுத்துக்கொள்ளலாம். ஹொக்கைதோவின் ஆறுகளுக்குத் திரும்பி வரும் இந்தச் சிறு மீனின் பெயர் ஐனு மொழிச் சொல். 'வில்லோ மர இலை' என்பது அதன் பொருள். ஜப்பானியர் அந்தப் பொருளை மொழிபெயர்த்து 'வில்லோ இலை மீன்' என்று மூன்று கான்ஜிகளால் எழுதி, வாசிக்கும்போது ஐனு ஒலியின் திரிபைத் தக்கவைத்தனர். எழுத்து ஒரு மொழியினது. ஒலி மற்றொரு மொழியினது. யுனெஸ்கோ 2009-இல் மிகக் கடுமையான அழிவு நிலையில் உள்ளதாக வகைப்படுத்திய மொழி ஐனு. அதைப் பேசிய மக்களை நாட்டின் பழங்குடியினராகச் சட்டம் ஏற்றது 2019-இல்தான். வினாடி வினாவில் 'ஷிஷாமோ' என்று சொன்னவருக்கு மதிப்பெண் கிடைக்கும். தாம் உச்சரித்தது ஐனுச் சொல் என்பதை அவர் அறியாமலேயே போகலாம். அழிந்துவரும் மொழி ஒன்று, அடுத்தவரின் மூளைக்கு உடற்பயிற்சிக் கருவியாகிறது.

மீன்களின் நிலையும் இதுவே. ஜப்பானிய விலாங்கு 2014-இல் அழியும் ஆபத்தில் உள்ள இனமாக உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் சேர்ந்தது. 2011ஆம் ஆண்டளவில் ஜப்பானியர் உண்ணும் இறைச்சியின் அளவு மீனின் அளவைத் தாண்டிவிட்டது. வீட்டில் முழு மீனை வாங்கி அறுப்போர் குறைந்து, தோலும் முள்ளும் நீக்கிய துண்டுகளே கடைகளில் மிகுகின்றன. எழுத்தை வாசிக்கத் தெரிந்து, மீனை அடையாளம் காணத் தெரியாத தலைமுறை உருவாகும்போது, அந்த எழுத்து எதற்குப் பெயர் என்ற கேள்வி எழுகிறது. 930-களில் மினமோதோ நோ ஷிதகோ தொகுத்த அகராதி மீன்பெயர்களைப் பட்டியலிட்டது யாருடைய மூளையையும் கூர்மையாக்க அன்று. பெயருக்கும் பொருளுக்கும் இடையிலான உறவைக் காக்கவே.

இந்த வழக்கு இந்தியாவுக்கும் உரியது. 2016-இல் நியூரோஇமேஜ் இதழில் ஜேம்ஸ் ஹார்ட்செல் முதலானோர் வெளியிட்ட ஆய்வில், ஆண்டுக்கணக்கில் வேதப் பகுதிகளை மனப்பாடம் செய்து ஓதிய 21 பண்டிதர்களின் மூளைப் படங்கள் வேறு 21 பேரின் படங்களோடு ஒப்பிடப்பட்டன. மூளையின் சில பகுதிகள் பண்டிதர்களிடம் பெரிதாகவும் தடிப்பாகவும் இருந்தன. ஒரே காலத்தில் எடுக்கப்பட்ட படங்களின் ஒப்பீடு அது. ஓதத் தொடங்கும் முன்பு அந்த மூளைகள் எப்படி இருந்தன என்பதை அது காட்டாது. ஆராயப்பட்டதும் நெடுங்கால மனப்பாடமே அன்றிச் சமஸ்கிருத மொழியறிவு அன்று. எனினும் 2018-இல் அந்த ஆய்வாளரே எழுதிய கட்டுரையில் 'சமஸ்கிருத விளைவு' என்ற தொடர் வெளிப்பட்டவுடன், சமஸ்கிருதம் கற்றால் மூளை வளரும் என்பது மேடைப்பேச்சுகளிலும் பகிர்வுகளிலும் நிறுவப்பட்ட உண்மையாயிற்று. அதைக் கேட்ட பிறமொழி ஆர்வலர்கள் தத்தம் மொழிக்கும் அத்தகைய மூளைப் பெருமையைத் தேடத் தொடங்கினர். தமிழுக்காகப் பேசுவோரும் இதற்கு விலக்கல்லர்.

மொழிக்கு ஆதரவாக மருத்துவச் சான்று தேடுவது முதலில் வலிமைபோல் தோன்றும். முடிவில் அது மொழியைக் கைவிடும் வாதமாகவே அமையும். ஒரு மொழியைக் கற்பதன் நியாயம் மூளையின் தடிப்பில் இருக்குமானால், அந்தத் தடிப்பை மலிவாகத் தரும் வேறொரு செயல் கிடைத்தவுடன் மொழி தேவையற்றதாகிவிடும். நாளை ஓர் ஆய்வு எந்த விளைவும் இல்லை என்று காட்டினால், அந்தத் துறைக்கு இடமும் நிதியும் கேட்கும் குரல் அடங்கிப்போகும். இலத்தீனுக்கு நேர்ந்தது இதுதான். அதன் இலக்கியத்துக்காகவும் வரலாற்றுக்காகவும் வாதாட வேண்டியவர்கள் மனப்பயிற்சிக்காக வாதாடினர். மனப்பயிற்சிக் கொள்கை சரிந்தபோது வாதமும் சரிந்தது. மாணவர் எண்ணிக்கை குறைந்த மொழித்துறைகளில் பயில்வோரும் பயிற்றுவோரும் இந்த வரலாற்றை நினைவில் கொள்வது நல்லது.

முதியவர்களுக்குப் புதிர் வேண்டாம் என்பது இதன் பொருள் அன்று. மீன் எழுத்துகளில் மகிழ்பவர் மகிழட்டும். மறதி குறித்த அச்சத்தை மட்டும் அதில் கலக்க வேண்டாம். விடை தவறிய எழுபது வயதுப் பெண்மணி 'மூளை தளர்ந்துவிட்டது' என்று அஞ்சுவதற்கு அந்த எழுத்தில் எதுவும் இல்லை. அவர் பள்ளி சென்ற காலத்திலேயே அந்த எழுத்து பாடப்பட்டியலுக்கு வெளியே இருந்தது. மாறாக, அந்த மீனை எங்கே வாங்குவார், எந்தப் பருவத்தில் சுவைக்கும், ஊரில் அதற்கு வேறு என்ன பெயர் என்று கேட்டால், புத்தகம் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை அவர் சொல்லக்கூடும். ஐதராபாத் ஆய்வு சுட்டிய மொழிவாழ்க்கைக்கு நெருக்கமானதும் தனியறையில் நிரப்பும் கட்டங்களைவிட இத்தகைய உரையாடல்தான்.

புதிர்த் தாள்களைத் திருத்தி அமைப்பதும் கடினமன்று. 'இதை எப்படி வாசிப்பது?' என்ற கேள்விக்குக் கீழே இன்னும் மூன்று கேள்விகள் போதும்: வலப்பக்கம் ஒலியைச் சொல்கிறதா, பொருளைச் சொல்கிறதா? இந்த எழுத்து கடல் கடந்து வந்ததா, இங்கேயே பிறந்ததா? இந்த மீனை யார், எங்கே, எப்போது பிடித்தனர்? இவற்றுக்கு விடை தேடுபவரின் மூளை இளமையாகும் என்று எவரும் உறுதி தர முடியாது. அவருக்கு ஓர் எழுத்தின் வரலாறும் ஒரு மீனின் வாழ்வும் ஒரு மக்களின் மொழியும் தெரியவரும். கற்றலுக்கு இதைவிடப் பெரிய பயன் ஒன்றைக் காட்டித்தான் ஆள் சேர்க்க வேண்டும் என்று எண்ணத் தேவையில்லை.